பட்டாளத்துப் பாண்டும் நம்மூர்ப் பறையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமதூர் மைதானத்தில் இராணுவத்தார் ஒரு பாண்டு வாத்தியக் கச்சேரி நடத்தினார்கள். டிக்கட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம். பிடித்தால் கேட்கலாம், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம். உண்டியல் குலுக்கவும் இல்லை, தட்டு நீட்டவும் இல்லை. அன்று முதல் நமது மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சங்கதியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறோம். இது சங்கீத விமரிசனம் அல்ல. நமக்கு ராகமும் தெரியாது, சுரமும் தெரியாது. காது மாத்திரம் உண்டு. சங்கீதம் தெரிந்தவர்கள் இதில் தப்புக் கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ளத் தடையில்லை.

மைதானத்தில் முன்வரிசையில் அதிகாரிகளுக்கென்று பத்துப் பன்னிரண்டு சோபா போட்டிருந்தார்கள். இலவசக் கச்சேரியிலும் சோபாவுக்கு ஒரு ஜாதி இருக்கத்தான் செய்கிறது, அது போகட்டும். அதற்குப் பின்னால் எல்லோருக்கும் ஒரே தரைதான். மளிகைக் கடைக்காரரும், கறிக்கடைக்காரரும், கோவில் குருக்கள் வீட்டுப் பையனும், முனிசிபாலிட்டியில் தெருக்கூட்டும் அம்மாளும், முக்காடு போட்ட முஸ்லிம் பெண்களும் ஒருவர் தோள்மேல் ஒருவர் இடித்துக்கொண்டுதான் நின்றார்கள். நீ யார், எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இத்தனைக்கும் இதே மைதானத்தில் வருஷந்தோறும் திருவிழா நடக்கிறது. அன்றைக்கு யார் எந்த ஓரத்தில் நிற்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே மண், ஒரே ஜனங்கள். அன்றைக்கு ஒரு புத்தி, இன்றைக்கு ஒரு புத்தி!

வாசித்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். பித்தளைக் குழல்கள், கிளாரினெட்டு, புல்லாங்குழல், சிறிதும் பெரிதுமாகக் கொட்டுகள். நடுவில் ஒருவர் பெரிய கொட்டை மார்போடு கட்டிக்கொண்டு நின்றார். அவர் உடுப்புக்கு மேல் புலித்தோலைப்போல ஒன்றைப் போர்த்தியிருந்தார். நமக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அந்தப் புலித்தோலைக் கண்டதும் பரமசிவனே வந்து நிற்பதாக எண்ணிவிட்டாரோ என்னவோ, பளார் பளார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெரிய கொட்டு அடிப்பவர் இப்படிப் போர்த்துவது இங்கிலீஷ் பட்டாளங்களிலிருந்து வந்த வழக்கம். அந்தப் பட்டாளங்களில் 18ம் நூற்றாண்டில் கொட்டு அடிப்பதற்கென்றே நீக்ரோ மக்களைத் தேடிப்பிடித்து, தலைப்பாகையும் பகட்டான உடுப்பும் மாட்டி முன்னால் நடக்கவிட்டார்கள். அந்த வேஷத்தின் மிச்சம்தான் இது என்று சிலரும், உடுப்பு கொட்டில் உரசிக் கெடாமலிருக்கச் செய்த ஏற்பாடு என்று சிலரும் சொல்லுகிறார்கள். எப்படியானாலும் கைலாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பெரிய கொட்டு முழங்க ஆரம்பித்தபோது நமது இடது பக்கத்தில் ஒருவர் காலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். யாரென்று பார்த்தால் நமதூர்ச் சேரியில் பறையடிக்கிறவர். நம்மைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நம்மைக் கண்டதும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "ஏன் அண்ணே, இங்கேயே நில்லுங்கள்" என்றோம். கொஞ்சநேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்:

"அவரு அடிக்கிறதும் கொட்டுதானுங்களே, ஐயா?"

"ஆமாம், கொட்டுதான்."

"அவருக்குக் கலெக்டரு எழுந்து கையைக் குடுக்கிறாரு. என்னை அடுத்த மாசம் திருவிழாவுக்குத் தெருமுனையிலே நின்னு அடிச்சிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. கூலி கேட்டேன். வழக்கத்திலே இல்லாததைக் கேக்காதேன்னுட்டாங்க. பையன் வரமாட்டேங்கிறான். அவன் வரலேன்னா ஊருக்குள்ளே வேலை கிடையாதுன்னு சொல்றாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

கச்சேரி தேனாக இருந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நமக்கு மட்டும் அதற்குப்பின் ஒன்றும் காதில் ஏறவில்லை.

நிற்க, இந்தப் பாண்டு வாத்தியம் என்பது எங்கிருந்து வந்தது? நமது சங்கீத வித்துவான்களைக் கேட்டால் நமது சங்கீதம் சாமவேதத்திலிருந்து வந்தது, பாண்டு வெள்ளைக்காரனுடையது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வெள்ளைக்காரனோ அதைத் துருக்கியனிடமிருந்து எடுத்தான். துருக்கி சுல்தான்களுடைய ஜானிசரிப் பட்டாளத்துக்கு முன்னால் மெஹ்தர் என்கிற வாத்தியக் கோஷ்டி போகும். அதில் பெரிய கொட்டு, ஜோடி நகரா, ஜால்ரா, எக்காளம், சுர்னா என்கிற குழல் எல்லாம் உண்டு. சுர்னாவை வாயில் வைத்து ஊதும் இடத்தில் நாணல் சீவாளி இருக்கும். நமது நாயனத்துக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை. நகரா என்ற பேரையே நமது தர்காவிலும் கோவிலிலும் இன்றைக்கும் சொல்லுகிறோம். இந்தச் சத்தத்தைக் கேட்டு யுத்தகளத்தில் பயந்து ஓடிய ஐரோப்பியர், பிற்பாடு அதையே ஆசைப்பட்டுத் தங்கள் பட்டாளங்களில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய கொட்டும் ஜால்ராவும் அவர்களுடைய சங்கீதத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். ஹைடன் என்கிற பெரிய சங்கீத ஆசிரியர் 1794ல் எழுதிய ஒரு பெரிய உருப்படிக்குப் 'பட்டாளம்' என்றே பேர் வந்ததற்கு அதில் கேட்கும் இந்தத் துருக்கிக் கொட்டுதான் காரணம்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. 1826ல் சுல்தான் இரண்டாவது மகமூது ஜானிசரிப் பட்டாளத்தையே கலைத்துவிட்டு, இத்தாலியிலிருந்து டோனிசெட்டி என்பவரை வரவழைத்து ஐரோப்பிய முறைப் பாண்டு ஒன்றை ஏற்படுத்தினார். ஆகவே ஐரோப்பியன் துருக்கியனிடம் கற்றான். துருக்கியன் மறுபடி ஐரோப்பியனிடம் கற்றான். இதில் எது யாருடைய பாரம்பரியம்? எவருடைய காதுக்கு எது பிடித்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதற்காகப் பாண்டு வாத்தியம் ஏதோ பரிசுத்தமான காரியத்துக்குப் பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. மனிதன் சாவதற்குத் தானாக வரிசையாக நடந்து போகமாட்டான். கொட்டு அடித்து, குழல் ஊதி, மூளையைக் கொஞ்சம் மயக்கினால் போவான். அதற்காக ஏற்பட்டதுதான் பட்டாளத்துச் சங்கீதம். கோவிலில் மணியடிப்பதும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நாம் பார்க்கச் சொல்லுவது கொட்டின் சத்தத்தையல்ல. அதை அடிக்கிற மனிதனை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

அந்த மனிதன் பிறக்கும்போதே கொட்டோடு பிறப்பதில்லை. அவனைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கிலீஷ் பட்டாளங்களில் முதலில் ஒவ்வொரு பட்டாளமும் தன் இஷ்டம்போல் ஜெர்மனிக்காரனையோ இத்தாலிக்காரனையோ கூலிக்குப் பிடித்துப் பாண்டு நடத்தியது. 1854ல் கிரிமியா யுத்தத்தின்போது ஸ்கூட்டாரி என்ற இடத்தில் எல்லாப் பட்டாளத்துப் பாண்டும் சேர்ந்து ராஜ கீதம் வாசித்தார்களாம். ஒருவர் சுருதி ஒருவருக்குச் சேராமல் பெரிய மானக்கேடாகிவிட்டதாம். அதற்குப் பிறகு 1857ல் நெல்லர் ஹால் என்ற இடத்தில் இராணுவ சங்கீதப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். நமது நாட்டில் 1950ல் மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் இராணுவ சங்கீதப் பிரிவு ஏற்பட்டது. அங்கே போகிறவன் காகிதத்தில் எழுதிய சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கக் கற்கிறான். முன்ஜென்மப் புண்ணியமும் சரஸ்வதி கடாட்சமும் வேண்டியதில்லை. சில வருஷம் உழைத்தால் போதும். சம்பளம், உடுப்பு, பென்ஷன் எல்லாம் உண்டு. யுத்தம் வந்துவிட்டால் அநேக நாட்டுப் பட்டாளங்களில் இந்தப் பாண்டுக்காரர்களே வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, காயம்பட்டவர்களைத் தூக்கிப்போகும் வேலையைச் செய்கிறார்கள். இரத்தத்தையும் தொடுகிறார்கள், பிணத்தையும் தொடுகிறார்கள். திரும்பி வந்தபின் அவர்களைத் தனிக் கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சொல்லுவதில்லை.

வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் இந்தப் புத்தி ஆதியிலேயே இருந்தது என்று எண்ணவேண்டாம். ஜெர்மனியில் எக்காளம் ஊதுகிறவர்களும் நகரா அடிக்கிறவர்களும் 1623ல் சக்கரவர்த்தியிடம் ஒரு சாசனம் வாங்கிக்கொண்டு, தங்கள் கூட்டத்தைத் தவிர வேறு எவனும் அவற்றைத் தொடக்கூடாது, ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் மாத்திரமே வாசிப்போம் என்று வேலி போட்டிருந்தார்கள். காலம் மாறியதும் அந்த வேலி போயிற்று. இன்றைக்கு ஜெர்மனியில் எந்தக் கடையிலும் காசு கொடுத்து எக்காளம் வாங்கி எவன் வேண்டுமானாலும் ஊதலாம். அங்கே சாஸ்திரம் என்று ஒன்றை அந்த வேலிக்குக் காவல் வைக்காததால் போயிற்று என்பது நமது அபிப்பிராயம்.

நமது சங்கீதத்தில் மட்டும் அந்நியச் சரக்குக் கலக்கவில்லையா? கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரென்று கொண்டாடப்படும் முத்துசாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வாசித்த ஐரோப்பிய வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வார்த்தைகள் கட்டினார். நோட்டுசுர சாகித்தியம் என்று அவற்றுக்குப் பேர். சுமார் 40 இருக்கின்றன. அவற்றில் ஒன்று, இங்கிலீஷ் ராஜாவைக் கடவுள் காப்பாற்றவேண்டும் என்கிற அவர்களுடைய ராஜ கீதத்தின் மெட்டேதான்! அதே மெட்டில் இங்கே சியாமளா தேவி வந்து உட்கார்ந்துவிட்டாள். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் கோட்டையிலிருந்த ஐரோப்பியரிடம் பிடில் கற்றார் என்கிறார்கள். அந்தப் பிடில் இல்லாமல் இன்றைக்கு எந்த சபாவில் கச்சேரி நடக்கிறது? தஞ்சாவூர் சரபோஜி ராஜா அரண்மனையில் ஐரோப்பியப் பாண்டே வைத்திருந்தார். அதற்கான சுரக்குறிப்புகள் இன்றும் சரசுவதி மகால் புத்தகசாலையில் கிடக்கின்றன. நமது காலத்துக்கு வந்தால், கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு ஆசைப்பட்டுக் கற்று, அதைச் சபா மேடைக்கே கொண்டுவந்து சேர்த்தார். இதையெல்லாம் நாம் குற்றமாகச் சொல்லவில்லை, மெச்சுகிறோம். கடல் கடந்து வந்த பித்தளைக் குழலுக்கு மேடையில் இடம் கிடைக்கிறது, பக்கத்துச் சேரியிலிருந்து வரும் பறைக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே நமது கேள்வி.

மெட்டுக்கு மதம் உண்டு என்று நம்புகிறவர்கள் அரசாங்கத்திலும் இருக்கிறார்கள். டில்லியில் வருஷந்தோறும் ஜனவரி 29ந்தேதி விஜய் சவுக்கில் பாசறை திரும்பும் சடங்கு நடக்கிறது. அந்திவேளையில் கொட்டு முழக்கிச் சிப்பாய்களைக் கூடாரத்துக்குத் திரும்பக் கூப்பிட்ட பழைய ஐரோப்பிய வழக்கம் அது. அதில் வெகுகாலமாக வாசித்து வந்த ஒரு கிறிஸ்தவப் பாட்டின் மெட்டை 2022ல் நீக்கிவிட்டார்கள். காந்தியாருக்கு அது மிகவும் பிடித்த பாட்டு என்பார்கள். அந்நியக் கடவுள் பாட்டு போயிற்று என்று ஒரு சாரார் சந்தோஷப்பட்டார்கள். ஒரு சாரார் துக்கப்பட்டார்கள். நமக்கு எந்தக் கடவுள் போனாலும் நஷ்டமில்லை. ஆனால் பித்தளைக் குழல் ஊதும்போது அதில் வார்த்தை ஏது, கடவுள் ஏது? கேட்கிறவன் தன் தலைக்குள்ளிருந்து அல்லவா கடவுளைக் கொண்டுவந்து அதில் வைக்கிறான்!

தீட்டும் அப்படித்தான். பறையடிப்பவர் ஏன் தெருமுனையில் நிற்கவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு பதில் சொல்லுவார்கள். நாம் கேட்டுப் பார்த்தோம்.

முதலில் சொன்ன பதில், பறை மாட்டுத்தோல், ஆகையால் தீட்டு என்பது. அப்படியானால் மிருதங்கம் எதனால் ஆனது? பலாமரக் கட்டையில் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல் வார் மூன்றும் சேர்ந்துதான் மிருதங்கம். அதை மடியில் வைத்துத்தான் சபாவில் வாசிக்கிறார்கள், கோவிலுக்குள்ளும் கொண்டுபோகிறார்கள். அந்தத் தோலைப் பதம் பார்த்து, வலித்துக் கட்டிக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தார். அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ஒரு புத்தகம் எழுதினார். 2020ல் அதன் வெளியீட்டுக்கு இடம் கொடுத்திருந்த சென்னை கலாக்ஷேத்திரம், கடைசி நேரத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம். மாட்டுத்தோல் என்கிற பேச்சுத்தான் இருக்கக்கூடாது போலும்!

தோல்தான் காரணம் என்றால் இன்னொன்று கேட்கிறோம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கொட்டுக்குத் தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் போட ஆரம்பித்தார்கள். மழையில் நனையாது, நெருப்பில் காய்ச்ச வேண்டியதில்லை. இன்று பட்டாளத்துக் கொட்டுகளில் பெரும்பாலும் அதுதான். நம்மூர்களிலும் பறையில் பைபர் சவ்வு போட்டு அடிப்பதைச் சாவு ஊர்வலங்களில் பார்த்திருப்பீர்கள். தோல் போய்விட்டதே, தீட்டுப் போயிற்றா? பைபர் பறை அடித்தவருக்கு டீக்கடையில் பெஞ்சு கொடுத்துவிட்டார்களா? இல்லை. ஆகவே தீட்டு தோலில் இல்லை.

இரண்டாவது பதில், சாவுக்கு அடிக்கிறான், ஆகையால் தீட்டு என்பது. பட்டாளத்துப் பாண்டு சாவுக்கு வாசிப்பதில்லையா? ஹாண்டல் 1739ல் அரங்கேற்றிய ஒரு நாடக சங்கீதத்திலுள்ள பிண ஊர்வல மெட்டை எத்தனையோ ராஜாக்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் தளபதிகளுக்கும் பாண்டில் வாசித்திருக்கிறார்கள். நமது நாட்டில் பெரிய மனிதர் யாராவது இறந்தால், அரசாங்க மரியாதை என்று பிணத்துக்கு முன்னால் கொட்டு அடித்து, கொம்பு ஊதுவதைத் தொலைக்காட்சியில் நீங்களே பார்க்கிறீர்கள். அந்தக் கொம்பு ஊதினவர் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுகிறாரா? அப்படியே முழுகினாலும் மறுநாள் அவருக்கு ஓட்டலில் தனி டம்ளர் வைக்கிறார்களா? சாவுக் காரியத்துக்கு மந்திரம் சொல்லித் தட்சணை வாங்குகிற புரோகிதருக்கு என்ன தீட்டு? அவருக்குச் சாவில் வருமானம். பறைக்காரருக்குச் சாவில் இழிவு. ஆகவே தீட்டு சாவிலும் இல்லை.

தோலுமில்லை, சாவுமில்லை என்றால் மூன்றாவதாக மிச்சமிருப்பது எது? அவன் பிறந்த ஜாதி. அதை நேராகச் சொல்லுவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டுதான் தோலையும் சாவையும் இழுக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் நமது தோழர்களை எச்சரிக்கை செய்யவேண்டியிருக்கிறது. பறைக்கு மேடை கொடுத்தோம், கை தட்டினோம், ஜாதி ஒழிந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். 2025ல் மதுரைப் பக்கத்துப் பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கு இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. கலியாணங்களில், கல்லூரி விழாக்களில் இப்போது பறை அடிக்கிறார்கள். படித்த பெண்பிள்ளைகள் கற்றுக்கொண்டு ஆடுகிறார்கள். இதெல்லாம் சந்தோஷமே. ஆனால் வாத்தியத்தைக் கொண்டாடுவது வேறு, மனிதனை மனிதனாக நடத்துவது வேறு. இதற்கும் ஒரு பட்டாளத்துப் பாண்டே சாட்சி.

முதல் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் நியூயார்க் ஹார்லெம் பகுதியிலிருந்து நீக்ரோ மக்களைச் சேர்த்து ஒரு ரெஜிமெண்டு புறப்பட்டது. 369வது ரெஜிமெண்டு என்று பிற்பாடு பேர் பெற்றது. அதன் பாண்டுக்குத் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்பவர். 1918 பிப்ரவரி 12ந்தேதி பிரான்சு தேசத்து நாந்த் நகரில் அவர்கள் வாசித்த கச்சேரியைக் கேட்ட பிரெஞ்சு ஜனங்கள் சொக்கிப்போனார்கள். அதுவரை கேட்டிராத தாளம். ஐரோப்பாவுக்கு ஜாஸ் சங்கீதத்தை அறிமுகப்படுத்தியவர்களில் இவர்களே முக்கியமானவர்கள். ஆனால் அமெரிக்க இராணுவம் இந்த ரெஜிமெண்டைத் தன் வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு ஒன்றாக நின்று சண்டைபோட விடவில்லை. பிரெஞ்சுத் தளபதிகளிடம் ஒப்படைத்துவிட்டது. சங்கீதத்துக்குக் கை தட்டு. மனிதனுக்குத் தனி வரிசை! யுத்தம் முடிந்து 1919 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஐந்தாவது வீதியில் அவர்கள் பாண்டு முழங்க நடந்துபோனபோது லட்சக்கணக்கானவர்கள் கூடி நின்று ஆரவாரம் செய்தார்கள். அப்புறமும் அமெரிக்க இராணுவத்தில் நிறப் பிரிவினையை நீக்க உத்தரவு போட 1948 வரை ஆயிற்று. அந்த உத்தரவும் சங்கீதத்தைக் கேட்டு மனமிரங்கி வந்ததல்ல. கேட்டுப் போராடினார்கள், வந்தது.

நமது நாட்டில் நாயனக்காரர்களுக்கும் அப்படித்தான் வந்தது. மேல்ஜாதியாருக்கு முன்னால் நாயனம் வாசிக்கிறவர் தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும், நின்றுகொண்டேதான் வாசிக்கவேண்டும் என்று இருந்தது. செட்டிநாட்டுப் பக்கத்தில் ஓர் ஊர்வலத்தில் நாயனக்காரரின் தோள்துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காமல் வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர் நமது பட்டுக்கோட்டை அழகிரிசாமி. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையோ, குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்து, மேடையில் மற்ற வித்துவான்களுக்குச் சமமாக உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று சாதித்தார். 1947 ஆகஸ்டில் டில்லியில் சுதந்திர நாள் வைபவத்தில் வாசித்தது அவருடைய நாயனம்தான். இன்றைக்கு நாயனக்காரரைத் துண்டை இறக்கு என்று சொல்ல எவனுக்காவது தைரியமிருக்கிறதா?

ஆனால் அந்தத் துண்டு தோளில் ஏறியதோடு நாம் திருப்தியடைந்து நின்றுவிட்டோம் என்பதைச் சொல்லியாகவேண்டும். நமதூரில் பறைக்காரரைத் தெருமுனையில் நிற்கச் சொன்னவர்கள் பார்ப்பனர்களல்ல. திருவிழாக் கமிட்டியில் ஒரு பார்ப்பனர்கூட இல்லை. அதில் இருப்பவர்கள் நம்மவர்கள். நம்மைச் சூத்திரர் என்று ஒருவன் சொன்னால் மானம் போயிற்று என்று கொதிக்கிற நம்மவர்கள். அதில் இரண்டு பேர் இந்தப் பத்திரிகைக்கு வருஷ சந்தா கட்டுகிறவர்கள். சென்ற வருஷம் நமது பொதுக்கூட்டத்துக்கு ஒலிபெருக்கிச் செலவு ஏற்றுக்கொண்டவரும் அதில் ஒருவர். அவர் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தினால் நிறுத்தட்டும். மேலே இருப்பவன் காலை நம் தலையிலிருந்து எடுக்கச் சொல்லுகிற நாம், நமது கால் யார் தலைமேல் இருக்கிறது என்று குனிந்து பார்க்கவேண்டாமா?

அந்தக் கமிட்டியாரைக் கேட்கிறோம். சென்ற வருஷத் திருவிழாவில் வெளியூரிலிருந்து கிளாரினெட்டுப் பாண்டு செட்டு ஒன்றைக் கூப்பிட்டீர்கள். அவர்களுக்கு முன்பணம் கொடுத்தீர்கள், வண்டிச் சத்தம் கொடுத்தீர்கள், சாப்பாடு போட்டீர்கள், பந்தலில் நாற்காலி போட்டீர்கள். அவர்களும் கொட்டு அடிக்கிறவர்கள்தான். அவர்கள் என்ன ஜாதி என்று நீங்கள் விசாரிக்கவில்லை. உடுப்புப் போட்டிருந்தார்கள், அதனால் விசாரிக்கத் தோன்றவில்லை. அதே கணக்கில் உள்ளூர்ப் பறைக் கோஷ்டிக்கும் ரசீது போட்டுப் பணம் கொடுப்பதற்கு என்ன தடை? அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் பிடித்து இரண்டு கையிலும் இரண்டு வேலை செய்வது உங்களுக்கு ஒரு வித்தையாகத் தோன்றவில்லையானால், வீட்டில் ஒரு தகரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அடித்துப் பாருங்கள். வழக்கத்தில் இல்லை என்கிறீர்கள். ஒலிபெருக்கி வழக்கத்தில் இருந்ததா? சீரியல் விளக்கு வழக்கத்தில் இருந்ததா? அதற்கெல்லாம் பில் வந்தால் கொடுக்கிறீர்கள்.

அந்தப் பையன் வரமாட்டேன் என்றால் அது அவன் இஷ்டம். அவன் தகப்பன் அடித்தார் என்பதற்காக அவனும் அடிக்கவேண்டுமென்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தொழிலாக ஏற்று அடிக்க வந்தால் கூலி கொடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்காக ஊரில் வேலை கொடுக்காதே என்று சொல்லுகிறவர் யாராயிருந்தாலும், அடுத்த இதழில் அவர் பேரை இந்தப் பத்திரிகையில் பார்க்கலாம்.

முனிசிபாலிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. பட்டாளத்துப் பாண்டு வந்தால் மைதானத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, விளக்குப் போடத் தெரிகிறது. அமெரிக்காவில் கடற்படைச் சிப்பாய்களின் பாண்டு 1798ல் ஏற்பட்டது. தலைநகரில் இன்றும் ஜனங்களுக்கு டிக்கட்டில்லாமல் வாசிக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது மைதானத்திலும் அப்படி வைக்க அதிகச் செலவு ஆகாது. ஒரு மாதம் போலீஸ் பாண்டு, ஒரு மாதம் நாயனம், ஒரு மாதம் பறை, ஒரு மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று வைக்கலாம். வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மேடை, ஒரே மாதிரி நாற்காலி, ஒரே கணக்கில் சன்மானம். முன்னால் சோபா மட்டும் வேண்டாம். அதிகாரிகளும் தரையில் உட்கார்ந்து கேட்கலாம், காது ஒன்றும் கெட்டுப்போகாது.

கச்சேரி முடிந்து சிப்பாய்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய கொட்டு அடித்தவரிடம் நமது பறைக்கார அண்ணனை அழைத்துக்கொண்டு போனோம். அந்தச் சிப்பாய் வடநாட்டுக்காரர். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இவர் கொட்டைத் தொடலாமா என்று கையால் கேட்டார். அவர் தலையசைத்தார். இவர் சவ்வை ஒரு விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "நெருப்பிலே காட்ட வேண்டாமாட்டம் இருக்குது" என்று நம்மிடம் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு.

திருவிழாக் கமிட்டி வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சாவடியில் கூடுகிறது. நாம் போகிறோம். அவரும் அவர் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வசதியுள்ள தோழர்கள் வந்து பக்கத்தில் உட்காரலாம்.